டெங்கு இப்படிப் பரவியிருக்கும்போது பிள்ளைகளோடு ஊருக்குப் போகலாமா?

கோண்டாவில் மகள் (ஸ்காபரோ, கனடா) | 20 ஜூலை 2017

எல்லோருக்கும் வணக்கம். பனி கரையும் முன்பே மலிவு விலையில் ரிக்கெட் எடுத்துவிட்டோம். ஆகஸ்ட் முதல் வாரம் புறப்பட்டு, கொழும்பில் கணவரின் அக்கா வீட்டில் சில நாள் நின்று, பிறகு கோண்டாவில். அங்கே அப்பாவின் ஆட்டைத் திவசம் (முதலாம் வருடத் திவசம்). அதை முடித்து, 20ஆம் திகதி நல்லூர்த் தேரும் மறுநாள் தீர்த்தமும் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். நான், கணவர், பதினொரு வயது மகள், நான்கு வயது மகன்.

இப்போது இலங்கைச் செய்தியைத் திறந்தால் டெங்குதான். உலக சுகாதார நிறுவனம் நேற்று வெளியிட்ட அறிக்கையின்படி ஜனவரியிலிருந்து ஜூலை 7 வரை நோயாளர் 80,732 பேர், இறந்தவர்கள் 215 பேர். போன வருடம் முழுவதற்குமே 55,150 தான். அம்மா தொலைபேசியில், "இங்கே யாழ்ப்பாணத்தில் ஒன்றுமில்லை, பேசாமல் வாருங்கள்" என்கிறார். மச்சாளோ, "வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியிலேயே மூன்று வீட்டில் காய்ச்சல்" என்கிறார். இருவரில் யாரை நம்புவது?

இந்த விடுமுறைக்குப் போகிறவர்கள், போகாமல் நிறுத்தியவர்கள், அங்கேயே இருப்பவர்கள், உங்கள் யோசனையைச் சொல்லுங்கள். "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை மாமி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.


சுதுமலைச் சிங்கம் (பாரிஸ்) | 20 ஜூலை 2017

ஷெல்லடிக்குள் வளர்ந்த சனம் நாங்கள். இப்போது நுளம்புக்குப் பயந்து ரிக்கெட்டைக் கிழிக்கப்போகிறோமா? அங்கே இரண்டு கோடிக்கு மேல் சனம் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார்களா? பத்து வருடம் வெளிநாட்டில் இருந்தவுடன் நமக்குத் தண்ணீரும் ஆகாது, காற்றும் ஆகாது. போய் வாருங்கள் தங்கச்சி.


வெள்ளவத்தை வாசி (கொழும்பு 6) | 21 ஜூலை 2017

சிங்கம் அண்ணை, ஓடுவதற்கு எங்களுக்கு இடமில்லை. அதனால்தான் இருக்கிறோம்.

தங்கச்சிக்கு இங்கத்தைய நிலைமையைச் சொல்கிறேன். சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து விழுந்தது. அதற்குப் பிறகு கொழும்பின் குப்பையை எங்கே கொட்டுவது என்ற சண்டை. வாரக்கணக்கில் ஒழுங்கைகளில் குப்பை கிடந்தது. மே கடைசியில் தென்மேற்கில் பேய்மழை, வெள்ளம், மண்சரிவு. வெள்ளம் வடிந்ததும் யோகர்ட் கோப்பையிலும் இளநீர்க் கோம்பையிலும் தெளிந்த தண்ணீர் நின்றது. டெங்கு நுளம்புக்கு வேறென்ன வேண்டும்? சாக்கடையில் பெருகுவது வேறு நுளம்பு. இது சுத்தக்காரி, தெளிந்த தண்ணீர்தான் தேடும்.

இப்போது இராணுவத்தைக் கொண்டு குப்பை அள்ளுகிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து பூச்சாடித் தட்டையும் குளிரூட்டியின் கீழ்த்தட்டையும் பார்க்கிறார். புழு கண்டால் வழக்கு. எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் கட்டி முடிக்காத கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் நிலக்கீழ்த் தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில். பரிசோதகர் யாரிடம் வழக்குப் போடுவது?

உங்கள் மச்சாள் சொல்வதும் உண்மை, அம்மா சொல்வதும் பெரும்பாலும் உண்மை. மொத்த நோயாளர்களில் 43 வீதம் மேல் மாகாணத்தில். கொழும்பு, கம்பஹா இரண்டும்தான் முன்னால் நிற்கின்றன. கட்டுநாயக்க விமான நிலையமும் நீர்கொழும்பும் கம்பஹா மாவட்டம் என்பதை மறக்க வேண்டாம். முதல்நாள் இளைப்பாற நீர்கொழும்புக் கடற்கரை ஹோட்டலில் அறை எடுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு இருக்கிறது. இந்த முறை அது தேவையில்லை.


லண்டன் தாதி (ஹரோ) | 21 ஜூலை 2017

நான் யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்றுக் கொழும்பில் வேலை செய்துவிட்டு வந்த தாதி. தங்கச்சி, ஒரு கேள்வி. உங்கள் நால்வரில் யாருக்காவது முன்பு டெங்கு வந்திருக்கிறதா? அது தெரியாமல் போகலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது வெறும் வாய்ச்சொல்.

சிங்கம் அண்ணைக்கும் ஒன்று. ஷெல்லடிக்குள் வளர்ந்தோம், சரி. ஷெல் வரும்போது முற்றத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டா நின்றோம்? பங்கர் வெட்டினோம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டோம். தப்பியவர்கள் அப்படித்தான் தப்பினார்கள்.


கோண்டாவில் மகள் (ஸ்காபரோ) | 21 ஜூலை 2017

கணவருக்கு 2010 இல் வந்தது. அப்போது கொழும்பில் வேலை. களுபோவில வைத்தியசாலையில் ஒரு வாரம் படுத்து எழும்பினார். அதனால்தான் அவர் துணிவாக இருக்கிறார். "எனக்கு ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது. பிள்ளைகளுக்கும் உனக்கும்தான் பயம்" என்கிறார். மற்ற மூவருக்கும் வந்ததில்லை. பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள்.


லண்டன் தாதி (ஹரோ) | 21 ஜூலை 2017

அவர் நினைப்பதற்கு நேர்மாறு, தங்கச்சி. இதைத் தயவுசெய்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து சுகமானால் அந்த வகை திரும்ப வராது. வேறொரு வகை வந்தால், முதல்முறை வந்ததைவிடக் கடுமையாகும் வாய்ப்புக் கூடும். பழைய நோயெதிர்ப்பு புது வகையை அடக்கும் அளவுக்குப் போதாமல், அது உடற்கலங்களுக்குள் நுழையவே உதவி செய்துவிடுகிறது. இலங்கையில் நான்கு வகையும் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. ஆனால் எது தலைதூக்குகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். 2009 இல் 35,000 பேருக்கு மேல் விழுத்தி 346 பேரைக் கொண்டுபோன காலத்தில் முன்னால் நின்றது முதலாம் வகை. உங்கள் கணவருக்கு 2010 இல் வந்ததும் பெரும்பாலும் அதுவாக இருக்கலாம். இந்த வருடம் ஆய்வுகூடத்தில் அகப்படுவது இரண்டாம் வகை. 2009க்குப் பிறகு அது அங்கே அரிதாகத்தான் தென்பட்டது. இவ்வளவு பேர் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டில் பயம் குறைந்தவர் கணவர், ஆபத்துக் கூடியவரும் அவரே. நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம், அந்த வயதில் உடல்நிலை சட்டென்று மாறும். ஆனால் முதல் தொற்று பெரும்பாலானோருக்குக் காய்ச்சலும் உடல் உளைவுமாகக் கழிந்துவிடும். இரண்டாவது அப்படி என்று நம்பியிருக்க முடியாது.


கோண்டாவில் மருமகன் (ஸ்காபரோ) | 22 ஜூலை 2017

வீட்டில் என்னோடு பேசித் தீராததைத் தளத்தில் போட்டு உலகத்தையே கூட்டிவிட்டார், ஆகவே நானும் பதிவு செய்துகொண்டேன். வணக்கம்.

தாதி அக்கா சொல்வதை மறுக்கவில்லை, வாசித்தேன். ஆனால் மாமனாரின் செத்தவீட்டுக்கு எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. திவசத்துக்கும் மருமகன் வரவில்லை என்றால் கோண்டாவிலில் சனம் என்ன சொல்லும்? அதோடு புள்ளிவிவரத்தையும் பாருங்கள். 80,732 பேரில் 215 பேர். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. 401ஆம் நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போகிறேன், அதில் இல்லாத ஆபத்தா?


லண்டன் தாதி (ஹரோ) | 22 ஜூலை 2017

தம்பி, அந்த ஆயிரத்துக்கு மூன்று, எல்லாரையும் கூட்டிப் பிரித்த கணக்கு. முதல்முறை வந்தவர், இரண்டாம்முறை வந்தவர், நேரத்துக்கு வைத்தியசாலைக்குப் போனவர், காய்ச்சல் விட்டதென்று வீட்டில் படுத்திருந்தவர் எல்லோரும் அதில் ஒன்றாக நிற்கிறார்கள். உங்கள் பங்கு அந்தச் சராசரி அல்ல.

வைத்தியசாலை நிரம்பி வழிவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டெங்கு நோயாளரைக் காப்பாற்றுவது அதிசய மருந்தல்ல, அருகில் நிற்கும் தாதி. மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது, நாடித்துடிப்பு எப்படி, இரத்தம் தடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேலைனைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இலங்கை வைத்தியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்திருக்கும் விடுதியில் ஒரு தாதி எத்தனை பேரின் சிறுநீரை அளப்பாள்?

சனம் என்ன சொல்லும் என்பதற்கு என்னிடம் மருந்தில்லை.


மட்டுநகரான் (மட்டக்களப்பு) | 22 ஜூலை 2017

கொழும்பு, யாழ்ப்பாணம் என்று மட்டும் பேசுகிறீர்கள், கிழக்கையும் கொஞ்சம் பாருங்கள். மார்ச்சில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு பத்திரிகையில் இரண்டு நாள் செய்தி, பிறகு மறந்துவிட்டார்கள். மட்டக்களப்பும் பட்டியலில் மேலேதான் இருக்கிறது. தேர் முடிந்து பாசிக்குடாவுக்கு ஒரு சுற்று என்று இங்கே பலரும் திட்டம் வைத்திருப்பீர்கள். அதற்காகவும் சொல்கிறேன்.


அடையாறு ராகவன் (சென்னை) | 22 ஜூலை 2017

எங்கள் ஊரிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீரை அரசே விநியோகிக்கிறது. பப்பாளி இலைச்சாறு குடித்தால் இரத்தத் தட்டணுக்கள் ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகும்போது நிலவேம்புப் பொடி கொண்டுபோய்த் தினமும் குடித்து வந்தால் கொசு கடித்தாலும் பயமில்லையே?


லண்டன் தாதி (ஹரோ) | 22 ஜூலை 2017

ராகவன் ஐயா, குடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் "கடித்தாலும் பயமில்லை" என்று நம்பித்தான் பலர் ஐந்தாம் நாள் வைத்தியசாலைக்கு வருகிறார்கள். தட்டணு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு மயக்கம். ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது. அதை இலைச்சாறு அடைக்காது. வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாற்றைப் பருக்கி இன்னும் வாந்தி எடுக்கவைத்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.


நெறியாளர் | 22 ஜூலை 2017

ஹோமியோபதி மாத்திரை விற்பனை இலக்கத்துடன் வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. "இது மருந்துக் கம்பனிகளின் சதி" என்ற பதிவுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அங்கே போய் அடிபடுங்கள்.


காப்புறுதித் தம்பி (மார்க்கம்) | 23 ஜூலை 2017

காசு விடயத்தை யாரும் தொடவில்லை. இந்தத் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன்.

பயணக் காப்புறுதியில் இரண்டு வேறு வேறு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, பயணத்தை நிறுத்தினால் காசு திரும்பத் தருவது. மற்றது, அங்கே நோய் வந்தால் வைத்தியச் செலவு தருவது. "டெங்கு பரவுகிறது, பயமாக இருக்கிறது" என்பது முதலாவதற்குப் பொதுவாகக் காரணமாக ஏற்கப்படாது. எந்தக் காரணத்துக்கும் நிறுத்தலாம் என்ற விலை கூடிய வகை இருக்கிறது, ஆனால் அதை ரிக்கெட் எடுத்த சில நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். மாதக்கணக்கு ஆகிவிட்ட உங்களுக்கு அது கடந்துபோன கதை. கனடா அரசு ஒரு நாட்டுக்கு "அவசியமற்ற பயணத்தைத் தவிர்க்கவும்" என்று அறிவித்தால் நிலைமை மாறும். "நுளம்புக்கடியிலிருந்து காத்துக்கொள்ளுங்கள்" என்ற அளவிலான சுகாதார அறிவித்தல் வேறு, அது வேறு. புறப்படும் நாள் வரை அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அறிவித்தல் கடுமையாகிய பிறகு வாங்கும் காப்புறுதி அந்த நோய்க்குப் பணம் தராமலே போகலாம்.

வைத்தியச் செலவுப் பகுதியை இன்றே வாங்குங்கள். 2010 இல் டெங்கு வந்ததைக் கேட்டால் மறைக்க வேண்டாம். பிடிபட்டால் முழுக் கோரிக்கையும் போய்விடும். அரச வைத்தியசாலை அங்கே இலவசம்தான். ஆனால் பயணத்தைத் தள்ளிப்போடும் செலவு, படுத்திருப்பவரோடு கூட நிற்பவரின் செலவு எல்லாம் சேர்ந்தால் ரிக்கெட் விலையையே தாண்டும். விமானக் கம்பனியைக் கூப்பிட்டுத் திகதி மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். நிறுத்துவதைவிட மாற்றுவது மலிவு.


கோண்டாவில் மகள் (ஸ்காபரோ) | 23 ஜூலை 2017

நன்றி தம்பி. கேட்டேன். ஆளுக்கு இருநூறு டொலர் கட்டி, விலை வித்தியாசத்தையும் கொடுத்தால் மாற்றலாம் என்கிறார்கள். அப்படியானால் டிசம்பர் விடுமுறைக்கு மாற்றிவிடலாமா என்று இப்போது யோசிக்கிறோம். அதற்குள் டெங்கும் அடங்கிவிடும், பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை.


இணுவில் வாத்தியார் (யாழ்ப்பாணம்) | 23 ஜூலை 2017

பிள்ளை, டிசம்பர் வேண்டவே வேண்டாம்.

கொழும்புக்கு மழை வைகாசியிலும் ஆனியிலும், அதனால் அங்கே டெங்கு இப்போது உச்சத்தில். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். வடகீழ்ப் பருவமழை பெய்து முடிய, மார்கழியிலும் தையிலும்தான் யாழ்ப்பாணத்து வைத்தியசாலை நிரம்பும். கொழும்பிலும் அந்த மாதங்களில் இன்னொரு சிறிய ஏற்றம் உண்டு. கொழும்பைப் பார்த்துப் பயந்து யாழ்ப்பாணத்தின் காய்ச்சல் காலத்துக்கு மாற்றப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டுப் பிள்ளைகள் நத்தார் விடுமுறைக்கு வந்து இப்படி மாட்டுப்படுகிறார்கள். மாற்றுவதானால் பங்குனி, சித்திரைக்கு மாற்றுங்கள். கோடை விடுமுறையே வேண்டுமென்றால் அடுத்த வருடத் திருவிழா.

இப்போது இங்கே வெயில் கொளுத்துகிறது, நிலம் வெடித்துக் கிடக்கிறது. நோயே இல்லை என்று உங்கள் அம்மா சொல்வது சரியல்ல, இருக்கிறது. ஆனால் கொழும்பின் அளவு இல்லை.

எனக்கு வேறொரு கவலை. 2009 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து போக்குவரத்துக் கூடிய பிறகுதான் இங்கே டெங்கு பெருகியது. நுளம்பு அவ்வளவு தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றருக்குள் சீவித்து முடிந்துவிடும். வைரஸ் பஸ்ஸில் வருகிறது, ரயிலில் வருகிறது, மனிதரின் இரத்தத்தில் வருகிறது. கொழும்பில் கடி வாங்கி, நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் தொடங்கும்போது அந்த ஆள் நல்லூர் வீதியில் நிற்பார். அவரைக் கடித்த நுளம்பு சில நாள் கழித்து அந்தப் பக்கத்தில் மற்றவர்களுக்கும் பரப்பும். லட்சக்கணக்கில் சனம் கூடும் இடம் அது. உங்களுக்கு வருமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள், நீங்கள் கொண்டுவருவீர்களா என்று கேட்பார் இல்லை.


சுதுமலைச் சிங்கம் (பாரிஸ்) | 23 ஜூலை 2017

வாத்தியார், அப்படியென்றால் கொழும்பிலிருந்து யாரும் நல்லூருக்கு வரக்கூடாதா? தினமும் எத்தனை பஸ் வருகிறது! வெளிநாட்டுக்காரரை மட்டும் பிடித்துக் குற்றம் சொல்வது ஏன்? நாங்கள் வந்தால்தான் கடைக்காரருக்கு வியாபாரம், ஆட்டோக்காரருக்கு ஓட்டம்.


இணுவில் வாத்தியார் (யாழ்ப்பாணம்) | 23 ஜூலை 2017

வர வேண்டாம் என்று எங்கே எழுதினேன்? விமானத்தால் இறங்கி நேரே வருகிறவருக்கும், வெள்ளவத்தையில் ஒரு வாரம் சேலை, நகை பார்த்துவிட்டு வருகிறவருக்கும் வித்தியாசம் உண்டு என்கிறேன். இரண்டாமவர் காய்ச்சல் கண்டால் திருவிழாவுக்குப் போகாமல் வலைக்குள் படுக்க வேண்டும். பகலிலும்தான். கொழும்பிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரருக்கும் இதையேதான் சொல்கிறேன், அவர்களும் உங்களைப் போலக் கோபிக்கிறார்கள்.


வெள்ளவத்தை வாசி (கொழும்பு 6) | 23 ஜூலை 2017

பகலில் வலை என்று வாத்தியார் சொன்னது பலருக்கு விளங்காது. நம் ஊரில் நுளம்பு வலை இரவுக்கு உரியது, மலேரியாக் காலப் பழக்கம். மலேரியாவை இந்த நாடு துடைத்தெறிந்து, போன செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழும் வாங்கிவிட்டது. டெங்கு நுளம்பு பகல்காரி. விடிந்த பிறகு இரண்டு மூன்று மணிநேரமும் பொழுதுபடுவதற்கு முன்னும் அவளுடைய நேரம். மேசைக்குக் கீழே, கணுக்காலில். பிள்ளைகள் தொலைபேசியை வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார்களே, அது அவளுக்கு நல்ல வசதி.


ஒஸ்லோ வாணி | 24 ஜூலை 2017

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி, வளைகாப்பை ஊரில் வைக்க வேண்டும் என்று மாமியார் வீட்டில் நிற்கிறார்கள். ஆகஸ்டில்தான். தடுப்பூசி ஏதாவது போட்டுவிட்டுப் போகலாமா?


லண்டன் தாதி (ஹரோ) | 24 ஜூலை 2017

வாணி, போக வேண்டாம். மற்ற எல்லோருக்கும் "பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதுவேன், கர்ப்பிணிக்கு அப்படி எழுத மாட்டேன். டெங்கு கர்ப்பகாலத்தில் கடுமையாகும் வாய்ப்புக் கூட. பிள்ளைப்பேற்றுக்கு அண்மையில் வந்தால் குழந்தைக்கும் தொற்றலாம், இரத்தப்போக்கும் பெருஞ்சிக்கல். வளையலை ஒஸ்லோவிலும் அடுக்கலாம். மாமியாரை அங்கே கூப்பிடுங்கள்.

டெங்வாக்சியா என்ற தடுப்பூசி சில நாடுகளில் இருக்கிறது. ஆறு மாத இடைவெளியில் மூன்று ஊசி, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அடுத்த வாரம் விமானம் ஏறுகிறவருக்கு அது உதவாது, கர்ப்பிணிக்குப் போடுவதும் இல்லை.


கோண்டாவில் மருமகன் (ஸ்காபரோ) | 24 ஜூலை 2017

நேற்று குடும்ப வைத்தியரிடம் போனேன். அவரும் தாதி அக்கா சொன்னதையே சொன்னார், ஆங்கிலத்தில். என் பழைய வைத்தியசாலைத் துண்டையும் பார்த்தார். நான் நிற்கிறேன். சின்னவனும் என்னோடு நிற்கட்டும். அவன் நுளம்புத் தைலத்தைப் பூச விடமாட்டான், பூசினாலும் கையை வாயில் வைப்பான்.

மனைவி போவதா, மகளையும் கூட்டிக்கொண்டு போவதா என்பதுதான் இப்போது சண்டை. நான் இரண்டு பேரும் போக வேண்டாம் என்கிறேன். திவசம் செய்வது மச்சான், அவன் சிட்னியிலிருந்து வருகிறான். மகள் போய் நின்று என்ன செய்வது?


கோண்டாவில் மகள் (ஸ்காபரோ) | 24 ஜூலை 2017

மகளாகிய நான் போய் நின்று என்ன செய்வது என்று எழுதியிருக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி எள்ளும் தண்ணீரும் இறைப்பான். சரி. அப்பா போன நாளிலிருந்து அம்மா அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். இரவில் விறாந்தை விளக்கை அணைக்காமல் படுப்பதாகப் பக்கத்து வீட்டு மாமி சொன்னார். இந்த வருடத்தில் அவரோடு நான் இருந்த நாட்கள் செத்தவீட்டு நாட்கள் மட்டுமே, அதில் பேசவே நேரமில்லை. திவசம் முடிந்ததும் சொந்தக்காரர் எல்லோரும் போய்விடுவார்கள். அதற்குப் பிந்திய நாட்களுக்காகத்தான் நான் போக நினைக்கிறேன். நல்லூர்த் தேரை அடுத்த வருடமும் பார்க்கலாம். நான் கேட்பது, எனக்கு முன்பு டெங்கு வந்ததில்லை, வயது முப்பத்தெட்டு, வேறு வருத்தம் இல்லை. கொழும்பில் தங்காமல் நேரே போனால் அது நியாயமான ஆபத்தா, இல்லையா?


லண்டன் தாதி (ஹரோ) | 25 ஜூலை 2017

நியாயமானதுதான், தங்கச்சி. நானாக இருந்தால் போவேன். அம்மாவைத் தனியே விடுவதாலும் வருத்தம் வரும், அது எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

மகளைப் பற்றி: கட்டாயமில்லாத பயணம் என்றால் பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள். பயந்து சொல்லவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவும் தம்பியும் உங்களைப் பார்ப்பார்களா, பிள்ளையைப் பார்ப்பார்களா?

போகிறவர்களுக்கு, அநேகர் கேட்காத விடயம் ஒன்று. காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இங்கே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். கனடாப் பையில் எப்போதும் அட்வில் (ஐபுப்ரோஃபன் மாத்திரை) இருக்கும், அதை வெளியே எடுங்கள். ஐபுப்ரோஃபன், அஸ்பிரின் இரண்டும் டெங்கில் இரத்தப்போக்கைக் கூட்டும். பனடோல் (பரசிற்றமோல்) மட்டும், அதுவும் அளவோடு. காய்ச்சல் தொடங்கிய நாளைத் தாளில் எழுதி வையுங்கள். எத்தனையாம் நாள் என்பதைத்தான் வைத்தியர் முதலில் கேட்பார். மூன்றாம் நாள் முழுமையான இரத்தப் பரிசோதனை. ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர் குடிக்கலாம். நிறம் சிவந்த குடிபானம் வேண்டாம், வாந்தி எடுத்தால் இரத்தமா நிறமா என்று குழப்பும். பிறகு காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். நீர் கசிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரம்தான், அடுத்த ஒன்று, இரண்டு நாள்தான் கண்டம். வயிற்று நோ, ஓயாத வாந்தி, பல்முரசில் இரத்தம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், ஆள் சோர்ந்து பேசாமல் கிடத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். எந்த நேரமானாலும்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ரொறன்ரோ வைத்தியரிடம் முதல் வசனமே "இலங்கைக்குப் போய் வந்தேன்" என்று இருக்க வேண்டும்.


காப்புறுதித் தம்பி (மார்க்கம்) | 25 ஜூலை 2017

நுளம்புத் தைலம் பற்றி ஒரு குறிப்பு, நாங்கள் போனபோது மருந்தகத்தில் கேட்டது. பெரியவர்களுக்கு டீட் 30 வீதம் வரை, அல்லது ஐகாரிடின் 20 வீதம். பிள்ளைகளுக்கு ஐகாரிடினைத்தான் முதலில் சொல்கிறார்கள். வெயில் கிறீம் பூசி, அதன்மேல்தான் இதைப் பூச வேண்டும். கோடை முடியக் கடைகளில் தீர்ந்துவிடும், இப்போதே வாங்குங்கள்.


கோண்டாவில் மகள் (ஸ்காபரோ) | 26 ஜூலை 2017

முடிவாகிவிட்டது. நான் மட்டும் போகிறேன். மற்ற மூன்று ரிக்கெட்டையும் சித்திரைக்கு மாற்றுகிறோம், பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் விடுப்புக் கேட்க வேண்டும். மகள் என்னோடு பேசுவதில்லை. மச்சாள் வீட்டுக்குப் போகாமல் கட்டுநாயக்கவிலிருந்தே வான் வண்டி பிடித்து வடக்கே. மச்சாள் குறை நினைத்தாலும் பரவாயில்லை என்று குடும்பத்தாருக்கு எழுதியிருந்தேன், அதை அவரும் வாசித்துவிட்டு, "நல்லது, எனக்கும் சமைக்கிற வேலை மிச்சம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.

வான்காரர் இரவிரவாக ஓடலாம் என்கிறார். அதுதான் எனக்கு டெங்கைவிடப் பயம்.


வெள்ளவத்தை வாசி (கொழும்பு 6) | 26 ஜூலை 2017

நியாயமான பயம். ஏ9 இல் நித்திரை தூங்கும் சாரதிகளுக்குத் தடுப்பூசி கிடையாது. விமானம் காலையில் இறங்கினால் பகலிலேயே போங்கள். முழுக்கைச் சட்டை, சப்பாத்து. வானுக்குள் ஏறியதும் இருக்கைக்குக் கீழே ஒருமுறை தெளித்துவிடச் சொல்லுங்கள். புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போனால் சாப்பாட்டுக் கடையில் வெளி மேசையில் இருக்க வேண்டாம்.


இணுவில் வாத்தியார் (யாழ்ப்பாணம்) | 26 ஜூலை 2017

பிள்ளை, நீங்கள் வருவதற்கு முன்பு அம்மா வீட்டில் ஒரு வேலை செய்விக்க வேண்டும். கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள், எங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டுகிறது. அது காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்புத்தடியால் சுவரை உரஞ்சிக் கழுவ வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை. உவர்த் தண்ணீர்க் கிணறு என்று அசட்டையாக இருக்க வேண்டாம். உவர் நீரிலும் இந்த நுளம்பு பெருகுவதை யாழ்ப்பாணத்து ஆய்வாளர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். கோழிக்கும் நாய்க்கும் வைக்கும் சட்டி, வீட்டுக் கோடிக்குள் கிடக்கும் ரயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். திவசத்துக்கு வரும் சனம் வெறுங்காலோடு அந்த முற்றத்தில்தான் இருக்கப்போகிறது.


கோண்டாவில் மகள் (ஸ்காபரோ) | 26 ஜூலை 2017

தம்பி எனக்கு மூன்று நாள் முந்தி வந்து இறங்குகிறான், சேர். தொட்டி உரஞ்சுவது அவன் வேலை என்று இப்போதுதான் செய்தி அனுப்பினேன். "அக்கா, தும்புத்தடி என்றால் என்ன?" என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.